செப்புக்குடத்துக் கடல்

முதலில் இறந்தவை நத்தைகள். கண்ணாடியில் படியும் பாசியை மேய்ந்து திரிந்த அச்சிற்றுயிர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் மல்லாந்தன. அடுத்து, செவ்வரி ஓடிய இறால்கள் இரண்டும் தோலுரித்த மறுநாளே மடிந்தன. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை. இரை தூவும் கையின் நிழலைக் கண்டால் முன்போலவே மேலெழுந்து வந்தன. ஆகவே கதிரவேல் அந்த இழப்பைப் பெரிதாகக் கொள்ளவில்லை. மென்பவளங்கள் சுருங்கத் தொடங்கிய பின்னரே அவன் முகம் மாறிற்று.

பவளம் என்றதும் மாலையில் கோக்கும் செம்மணியே நம் நினைவுக்கு வரும். மென்பவளம் அதன் உறவே ஆயினும் கல்லாய் இறுகாதது. தசையே உடம்பாக, நீரோட்டத்துக்கு இசைந்து ஆடுவது. கதிரவேலின் தொட்டியில் அத்தகையவை சில இருந்தன. பாறையோடு ஒட்டிப் படர்ந்த பச்சைப் பொத்தான்கள்; கை விரித்து மூடுவதுபோல் நாளெல்லாம் துடிக்கும் ஒரு வெண்கொத்து; நடுவே, மழைக்காலத்து நாய்க்குடை பெருத்தாற்போல் ஒரு தோற்பவளம். அதன் குடைமேல் ஆயிரம் நுண்மலர்கள் பகலில் விரிந்து இரவில் உள்ளடங்கும். இப்போது பகலிலும் அவை விரியவில்லை. குடையின் விளிம்பு சுருண்டு, பழைய மெழுகின் நிறம் கொண்டது.

அந்தத் தோற்பவளம் வீட்டுக்கு வந்த வழி துயரமானது. கதிரவேல் வளர்ப்புமீன் பிடித்த சுழியோடி. கொழும்பு ஏற்றுமதிக்காரருக்காகக் காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டி, முருகைக்கல் எனும் பவளப்பாறை இடுக்குகளில் சிறுவலை பிடித்து வாழ்ந்தவன். சமாதானம் முறிந்த ஆண்டில், புறக்கடலின் அடித்தளத்தில் இந்தப் பவளத்தைப் பெயர்த்துக் கையில் ஏந்திய வேளை, எங்கோ நீருக்கடியில் வெடித்த ஓசை அவன் நெஞ்சில் அறைந்தது. தங்கித் தங்கி ஏறவேண்டிய முறையை அச்சத்தில் மறந்து, ஒரே மூச்சில் மேலெழுந்தான். ஆழத்தில் இரத்தத்தோடு கலந்திருந்த காற்று குமிழாகி முள்ளந்தண்டைத் தாக்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வு அற்றது. படகில் தூக்கிக் கிடத்தியபோதும் பவளத்தை அவன் கை விடவில்லை என்று, உடன் சுழியோடிய கிண்ணியாப் பாயிஸ் சொல்வான்.

வைத்தியசாலையிலிருந்து அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். சோற்றை மறுத்தான். கேட்டதற்கு மறுமொழி இல்லை. மனைவி இரத்தினேஸ்வரி கஞ்சிக் கோப்பையோடு கட்டிலருகே அமர்ந்து பதிகம் ஓதுவாள். பாதியில் அவன் கண்ணை மூடுவது உறக்கத்தால் அன்று என்பதை அவள் அறிவாள். நாளுக்கு நாள் நண்பன் உருகிப்போவதைப் பொறாத பாயிஸ், தன் வீட்டில் காத்து வைத்திருந்த தோற்பவளத்தைக் கொண்டுவந்தான். முன்னறையில் கண்ணாடித் தொட்டி நிறுத்தி, கடல்நீர் நிரப்பி, விளக்கும் காற்று மோட்டரும் பொருத்தினான். சில நாளில் பவளம் மலர்ந்தது. தன்னைத் தூக்கிக் கதிரையில் இருத்தும்படி கதிரவேல் கேட்டான். பிறகு, பசிக்கிறது என்றான்.

எனவே இரத்தினேஸ்வரிக்கு அந்தத் தொட்டி வீட்டை அழகுசெய்யும் பொருள் அன்று. பவளம் விரிந்திருக்கும்வரை கணவன் உண்பான்; அது அழிந்தால் மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்புவான், இம்முறை திரும்பியபடியே போய்விடுவான். இந்த அச்சத்தை அவள் அம்மன் ஒருத்தியிடம் அன்றி எவரிடமும் சொல்லவில்லை.

கடலுயிர் வாழக் கடல்நீர் வேண்டும். பழைய நீரில் ஒரு பங்கை இறைத்துப் புதுநீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் பாயிஸ் தெளிந்த கடலுக்குப் படகோட்டிப் போய், பிளாஸ்ரிக் கலன்களில் மொண்டுவந்தான். பின்னர் கடலுக்கு இறங்கத் தடை வந்தது. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. கிண்ணியாத் துறையில் அள்ளலாம் என்றால், அது ஆற்றுநீர் கலந்து உப்புக் குன்றிய நீர். நகரத்துக் கரைக்குப் போகும் தெருவிலோ சென்றி எனும் இராணுவக் காவலரண் இருந்தது. வெள்ளிக்கிழமைக் காலைகளில், கரையோர அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களை மட்டும் அங்கே விட்டார்கள்.

இரத்தினேஸ்வரி முதல் வெள்ளி பிளாஸ்ரிக் கலனோடு போனாள். எண்ணெய் கடத்தும் கலன் என்று திருப்பினார்கள். அடுத்த வெள்ளி எவர்சில்வர்க் குடத்தோடு போனாள், அதையும் திருப்பினார்கள். அம்மனைக் கடல்நீராட்டிய பின் அடியார்கள் வீட்டுக்குத் தீர்த்தம் எடுத்துச்செல்வது அக்கோயில் வழக்கம். அதற்கான செப்புக்குடம் மட்டும் போய் வரலாம் என்று, பூசகர் பாக்கியரத்தினம் அதிகாரியிடம் மன்றாடி வாங்கிய அனுமதி ஒன்று இருந்தது. இரத்தினேஸ்வரியின் சீதனத்தில் ஒரு செப்புக்குடம் உண்டு. அதை எடுத்துப் போனாள். மீசை நரைத்த சிங்களச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, குடத்தின் விளிம்பை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வழிவிட்டார்.

இவை எவற்றையும் அவள் கணவனிடம் சொல்லவில்லை. சென்றியில் மறித்தார்கள் என்றால் 'இனிப் போகாதே' என்பான். போகாவிட்டால் நீர் இல்லை. அன்றியும், அம்மன் திருமேனி நனைத்த நீர் எண்ணெய்க் கலனில் வருவதை அவள் உள்ளம் முன்பே ஒப்பியதில்லை. இடையில் இறக்கி வைக்காமல் குடத்தை மடியிலும் இடுப்பிலுமாகச் சுமந்து, பஸ்ஸில் வந்து, அடுக்களையான குசினியின் வாசலால் நுழைந்து, சாமியறையில் வைப்பாள். மாலை விளக்கேற்றிய பின்னரே நீரைப் பிளாஸ்ரிக் வாளிக்கு மாற்றி முன்னறைக்குக் கொண்டுபோவாள். செம்பில் நின்ற நீர் தூய்மை பெறும் என்பது அவள் பிறந்த வீட்டில் ஐயத்துக்கு இடமில்லாத அறிவு. கதிரவேல் வாளியைக் கண்டான், குடத்தைக் கண்டதில்லை.

பவளம் சுருங்கியதும் அவன் பகைவரைத் தேடினான். பகைவர் இல்லாமலும் இல்லை. உடல் வழியே மறுபக்கம் தெரியும் சிறு கடற்சாமந்திகள் பாறை இடுக்குகளில் முளைத்திருந்தன. அவற்றின் கைகள் பட்ட பவளம் வெந்து போகும். பிய்த்தால் பிய்ந்த துண்டெல்லாம் மறுபடி முளைக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைக் களியாகக் கரைத்து, ஊசி மருந்தேற்றும் சிரிஞ்சில் இழுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் விட்டு அவற்றைக் கருக்கினான் கதிரவேல். சுண்ணாம்பு வாங்குவது இரத்தினேஸ்வரியின் வேலை.

"வெத்திலை இல்லாமல் வெறுஞ் சுண்ணாம்பு வாங்கிற முதல் ஆள் நான்தானாம். கடைக்காரர் சிரிக்கிறார்" என்றாள் ஒருநாள்.

"வீட்டில வெத்திலை போடுற விருந்தாளி வந்து நிக்கிறாரோ எண்டு கேட்டிருப்பாரே?"

"ஓம், கேட்டவர். நிக்கிறார், ஆனால் தண்ணிக்குள்ள நிக்கிறார் எண்டு சொன்னனான்."

கதிரவேல் வாய்விட்டுச் சிரித்தான். விபத்துக்குப் பின் அவள் கேட்ட சிரிப்புகளில் அது ஒன்று, கடைசியானதும் அதுவே.

சாமந்திகளின் பின் தட்டைப்புழுக்கள் வந்தன. துருவின் நிறம் கொண்டு, பாறைமேல் செதில் செதிலாகப் படர்ந்து, பவளத்தின் மேல் விழும் ஒளியை மறைத்தன. மெல்லிய குழாயால் அவற்றை உறிஞ்சி எடுத்தான். பவளத்தையே வெளியே தூக்கி ஒரு கணம் நன்னீரில் அமிழ்த்தி உதறினான், புழுக்கள் உதிர்ந்தன. மயிர் சிலிர்த்த முட்புழுக்களை இடுக்கியால் பிடுங்கினான். சக்கர நாற்காலிக்கு வழியில்லாத வீட்டில், மரக்கதிரையிலிருந்து குனிந்து குனிந்து அவன் விலாவெலும்பு கன்றிப்போயிற்று. பகை குறைந்தது, நோய் குறையவில்லை. வெண்கொத்து துடிப்பை நிறுத்தி, ஒரு காலையில் கூழாய்க் கரைந்து நீரைக் கலக்கியது. பச்சைப் பொத்தான்கள் வாய் மூடிக்கொண்டன.

சோறு கோப்பையில் பாதியாய் மிஞ்சத் தொடங்கிற்று.

"தண்ணிதான் போதாமல் கிடக்குப் போல. இன்னும் கொஞ்சம் கூட மாத்தினால் தேறும்" என்றான் கதிரவேல்.

"வாற வெள்ளி ரெண்டு நடை போறன்" என்றாள் அவள்.

சொன்னபடியே போனாள். ஒரு குடம் இரண்டானது. வேண்டுதலும் இரட்டித்தது. தோற்பவளத்தின் குடை ஒரு பக்கம் கிழிந்து தொங்கிற்று.

கிண்ணியாவிலிருந்து ஆள் ஏற்றும் படகுத்துறை திறந்திருந்த ஒரு ஞாயிறு பாயிஸ் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொட்டி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"என்ன மச்சான், தொட்டிய மையவாடி ஆக்கிப் போட்டீங்களே!"

"வாவன், நீயும் வந்து ஒரு பாத்தியா ஓது" என்றான் கதிரவேல்.

பாயிஸ் தொட்டியின் முன் குந்தினான். விளையாட்டுப் பேச்சு அவன் முகத்திலிருந்து மெல்ல விலகிற்று.

"நத்தை எங்க?"

"முதல் போனது அதுதான்."

"இறால்?"

"அதுக்குப் பிறகு."

"மீன்?"

"அதுகளுக்கு என்ன, குத்துக்கல்லுப் போல இருக்குதுகள்."

"புழுவக் கொன்டீங்க. இந்தக் கண்ணாடிப் பூவையும் கொன்டீங்க. பொறகும் இது தேறல்ல" என்று பாயிஸ் தனக்குத்தானே எண்ணிக்கொண்டு போனான். "மச்சான், இது பூச்சிட வேல இல்ல. முதலாளிட மருந்துத் தொட்டி நினைவிரிக்கா? வெள்ளைப்புள்ளி விழுந்த மீனுக்குத் துருசு போடுவாங்களே? மீன் பிழைக்கும். நத்தை, இறால், பூ ஒண்டும் மிஞ்சாது. அச்சொட்டா அந்தத் தொட்டிதான் இது."

"விசர்க் கதை கதையாதை. எங்கட வீட்டில துருசு ஏது?"

"துருசு எண்டா என்ன? செம்புதானே. எங்கயோ இருந்து இந்தத் தண்ணிக்குள்ள செம்பு வருகுது."

தேநீர்த் தட்டத்தோடு நிலையில் நின்ற இரத்தினேஸ்வரி அதை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சாமியறை மூலையில் குடம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. வாரந்தோறும் புளியிட்டுத் துலக்குவதால் வெளிப்புறம் விளக்கொளியில் மின்னிற்று. கழுத்து ஒடுங்கிய குடம். உள்ளே வயிற்றின் வளைவுக்கு அவள் கை எட்டியதில்லை. இப்போது முழங்கை சிராயும்படி கையை நுழைத்துத் தேய்த்து எடுத்தாள். விரல் நுனியில் பச்சை ஒட்டியிருந்தது.

குடத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் முன்னால் தரையில் வைத்தாள்.

"தண்ணி இதுக்குள்ளதான் வந்தது."

பாயிஸ் கையிலெடுத்த கோப்பையைத் திரும்ப வைத்தான். கதிரவேல் குனிந்து குடத்தின் வாய்க்குள் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் இதுக்குள்ள நிக்கும்?"

"விளக்கு வைக்கும் மட்டும்."

"காலமையில இருந்தோ?"

"ஓம்."

"நல்லவேளை, நீங்க ரெண்டு பேரும் அதக் குடிக்கல்ல" என்று பாயிஸ் சிரிக்கப் பார்த்தான்.

"கும்பிட்டுக் கும்பிட்டுக் கொண்டந்து நஞ்சு வாத்திருக்கிறாய்" என்றான் கதிரவேல்.

நஞ்சைத் தான் உண்டு பிறர்க்கு அமுதளித்தவனை நாள்தோறும் பாடிய நா அவளுடையது. அவளோ அமுதென்று எண்ணி நஞ்சை அளித்திருந்தாள். ஆயினும் அந்தச் சொல்லை அவள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை.

"பிளாஸ்ரிக் கலனைச் சென்றியில விடமாட்டாங்கள். சொல்லியிருந்தால் என்னைப் போகவிட்டிருப்பீங்களே?"

"எனக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பீங்கள்."

அச்சம் முதன்முறையாகச் சொல்லாய் வெளிவந்தது. கதிரவேல் தொட்டியை நோக்கித் திரும்பினான். இருவருக்கும் இடையே அமர்ந்திருந்த பாயிஸ் தொட்டியருகே நகர்ந்து குடையைக் காட்டினான்.

"போனது போனதுதான். ஆனா இந்தக் குடை இன்னும் சாகல்ல. செம்பு படாத தண்ணி நாலைஞ்சு தரம் மாத்தினா தப்பும். எவர்சில்வர்க் குடம் ஏலாதா, அக்கா?"

"அதையும் திருப்பிப் போட்டாங்கள். செம்புக்குத்தான் அனுமதி."

"உள்ளுக்கு ஈயம் பூசினா?"

"ஈயம் பூசிற மனிசன் கடையைப் பூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்க் கனநாள்."

பாயிஸ் குடத்தைக் கையில் எடுத்து, வாயை உற்றுப் பார்த்தான். "அப்ப உள்ளுக்கு ஒரு பொலித்தீன் பைய விடுங்க. வாய மடிச்சுக் கழுத்துக்குள்ள செருகினா வெளியால தெரியாது."

"சென்றியில கை விட்டுப் பாத்தால்?" என்றான் கதிரவேல்.

"சாமிக் குடத்துக்குள்ள ஆர் மச்சான் கை விடுற?"

இரத்தினேஸ்வரி கணவன் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு சொல் வந்திருந்தால் அந்த எண்ணம் அங்கேயே நின்றிருக்கும். கதிரவேல் பவளத்தின் கிழிந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றுதொட்டு அவன் உண்ணும் சோறு மேலும் சுருங்கிற்று. வியாழக்கிழமை கோப்பை தொடப்படாமலே குசினிக்குத் திரும்பியது. அவள் கடைத்தெருவுக்குப் போய்த் தடித்த பொலித்தீன் பை ஒன்று வாங்கிவந்தாள்.

வெள்ளியன்று விடியலில் சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டு பையைக் குடத்துக்குள் இறக்கினாள். உள்ளே காற்று நின்று பை உப்பியது. கைவிட்டு அழுத்தி, விளிம்பை மடித்துக் கழுத்துக்குள் செருகினாள். மேலே வேப்பிலையும் செம்பரத்தம் பூவும் வைத்தாள். வழக்கமாக இந்நேரத்தில் அவள் வாயில் ஏதாவதொரு பதிகம் தானாக ஓடும். இன்று எதுவும் வரவில்லை.

"அம்மாளாச்சி, பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொன்னாள்.

போகும்போது இடர் இல்லை. கோயிலில் பூசை முடிந்தது. அயல்வீட்டுக் குணேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் இறங்கினாள். அவளோடு இரத்தினேஸ்வரியும் இறங்கிக் குடத்தை நிரப்பினாள். செம்பில் நீர் விழும்போது எழும் மணியோசை எழவில்லை. அதைக் கேட்டுப் பழகிய அவள் செவிக்கு அந்த ஊமைத்தன்மை பெருங்கூச்சலாகப் பட்டது. குணேஸ்வரி ஒன்றையும் கவனிக்கவில்லை. விறகு விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சென்றியில் மீசை நரைத்த சிப்பாயே நின்றார். துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளினார். வழக்கம்போல் விளிம்பைத் தொட்ட விரல், கண்ணுக்குப் போகும் வழியில் நின்றது. வேப்பிலைக்கு அடியில் பொலித்தீன் சரசரத்தது. அவர் இலையை விலக்கிப் பார்த்தார். மடிப்பின் விளிம்பு வெயிலில் மின்னிற்று.

"மே மொகக்த?" என்று கத்தினார். இது என்ன என்பது அக்கேள்வி. மறுகணம் பின்னோக்கிப் பாய்ந்து துப்பாக்கியை நிமிர்த்தினார். மணல்மூட்டைகளுக்குப் பின்னிருந்தும் துப்பாக்கிகள் நீண்டன. வரிசையில் வந்த பெண்கள் அலறிக்கொண்டு தெருவில் குப்புற விழுந்தார்கள். சென்றியைத் தாண்டிவிட்டிருந்த குணேஸ்வரி திரும்பிப் பார்த்தாள்; தன் குடத்தைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினாள்.

குடத்தை இறக்கச் சொன்னார்கள். வழியில் ஒருபோதும் நிலத்தில் வைக்காத குடத்தை இரத்தினேஸ்வரி தாரில் வைத்தாள். கைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கச் சொன்னார்கள், நடந்தாள். நீண்ட தடியால் ஒருவன் குடத்தைச் சாய்த்தான். நீர் ஓடிற்று. பை பாதி வெளியே சரிந்து, கரையொதுங்கிய சொறிமுட்டை எனும் கூழ்மீன் போல் கிடந்தது. அதற்குள் நீரையும் வாடிய பூவையும் தவிர ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று உறுதியான பின் மீசைச் சிப்பாய் அருகே வந்தார். அச்சம் தணிந்த முகத்தில் வேறொன்று குடியேறியிருந்தது. தெரிந்த தமிழைத் தேடித் தேடிக் கேட்டார்:

"அம்மா, சாமி தண்ணி. உள்ள கள்ளப் பை ஏன்? நான் கும்பிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் கும்பிட்டது."

அவள் தாரில் சரிந்து கிடந்த பையைப் பார்த்தாள்.

"வீட்டில பூ சாகுது, ஐயா" என்றாள்.

அவர் அவளைச் சித்தம் கலங்கியவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அப்பால் போனார்.

அதிகாரி வரும்வரை அவளைத் தெருவோரப் பலகையில் இருத்தினார்கள். நிழல் இல்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிமையாக்கிய பழையோர், கடல்மேல் சென்றவனுக்காகக் காத்திருக்கும் மகளிரைக் கரையில் நிறுத்திப் பாடினர். காவலரணில் நிறுத்தப்பட்டவளுக்கு அவர்கள் துறை வகுக்கவில்லை. பலகையில் இருந்தபடி இரத்தினேஸ்வரி கடலைக் கேட்டாள். இடையிடையே துறைமுகத்தின் பக்கத்திலிருந்து, நீருக்கடியில் வந்து தாக்கும் சுழியோடிகளை அச்சுறுத்தக் கடற்படை எறியும் வெடிகளின் தாழ்ந்த அதிர்வு பலகையின் கால் வழியே ஏறி வந்தது. சுடுவார்களோ, அடிப்பார்களோ, கொண்டுபோவார்களோ என்ற எண்ணங்கள் வந்து வந்து போயின. வீட்டில் காத்திருப்பவனிடம் வெறுங்கையோடு என்ன சொல்வது என்பது மட்டும் போகாமல் நின்றது.

அதிகாரி வந்தார். பூசகர் பாக்கியரத்தினமும் ஈரவேட்டியோடு ஓடிவந்து, இவள் கோயிலுக்கு நெடுநாள் வருகிறவள் என்றும், கணவன் நடக்க இயலாதவன் என்றும் சொல்லிக் கைகூப்பி நின்றார். அவளுக்காகச் சொல்லும்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் சாய்ந்த பின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். குடத்தைக் கொடுக்கவில்லை. இனி எந்தக் குடமும் எந்தப் பாத்திரமும் கரைக்குப் போகாது, கரையிலிருந்து வராது என்று பூசகரிடம் சொல்லி அனுப்பினார்கள்.

கோயில் தெருவின் முடக்கில் பெண்கள் சிலர் கூடி நின்றார்கள். அவர்களில் புஷ்பவதி, மகன் பிழைக்கவேண்டித் தீர்த்தம் எடுப்பவள்.

"வருசக்கணக்கா ஐயர் கெஞ்சி வாங்கின அனுமதி. ஒரு பையால முடிச்சுப்போட்டாய் என்னடி? அப்பிடி என்னத்தை உள்ளுக்கு மறைச்சனீ?"

"ஒண்டும் மறைக்கேல்லை, அக்கா. தண்ணிதான்."

"தண்ணிக்கு ஏனடி பை? அம்மாளின்ர குடம் உனக்கு ஊத்தையாப் போச்சோ?"

இரத்தினேஸ்வரி நின்று கேட்டுவிட்டு நடந்தாள். புஷ்பவதி அறியாமல் கேட்ட கேள்வி அது. அதன் உண்மையான விடை அதைவிடக் கொடியது.

பஸ்ஸில் கைகள் தங்கள் பாட்டில் மடியில் கிடந்தன. சொல்லவேண்டிய சொற்களை அவள் அடுக்கிப் பார்த்தாள். குடம் போயிற்று. நீர் வராது. இனி எப்போதும் வராது. இந்த மூன்றையும் எந்த ஒழுங்கில் சொன்னாலும் முடிவில் கதிரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மனத்துக்குள் அவன் மறுபடி மறுபடி அந்தச் சுவரின் பக்கம் திரும்பினான்.

குறுந்தெருவான ஒழுங்கையின் முகப்பில் இறங்கியபோது, தன் வீட்டுக்குச் சற்று முன்னால் சனம் நிற்பதைக் கண்டாள். குணேஸ்வரி அழுதுகொண்டு நின்றாள். அவள் காலடியில், ஒழுங்கையின் நடுமணலில், மார்பு நிலத்தில் பட ஒருவன் கிடந்தான்.

கதிரவேல்தான். சாரம் முழங்காலுக்கு மேல் சுருண்டு, உணர்வற்ற கால்கள் இரண்டும் பின்னால் இழுபட்டு, மணலில் இரு தடங்களாய் வீட்டுப் படலைவரை கோடு போட்டிருந்தன. முழங்கைகளில் தோல் இல்லை. நெருஞ்சிமுள் தைத்த உள்ளங்கைகளை ஊன்றி இன்னும் ஒரு முழம் நகர முயன்றுகொண்டிருந்தான்.

"பஸ்ஸை மறிச்சுப் பின்னேரம்தான் விட்டவங்கள். நான் வந்து சொன்ன உடன கதிரையில இருந்து விழுந்தவர்" என்றாள் குணேஸ்வரி. "தூக்க வந்த ஆக்களைத் தொடவிடுறாரில்லை. சென்றிக்குப் போகவேணும், சென்றிக்குப் போகவேணும் எண்டு ஒரே பிடி. ஓட்டோ ஒண்டும் அந்தப் பக்கம் வர ஏலாதாம்."

இரத்தினேஸ்வரி மணலில் அமர்ந்தாள். அவன் தலையை நிமிர்த்தினான். முகமெல்லாம் புழுதி.

"எங்க போறீங்கள்?"

"உன்னைப் பாக்க."

"இப்பிடியோ?"

"வேற எப்பிடி?"

அவள் சேலைத் தலைப்பால் அவன் வாயிலிருந்த மணலைத் துடைத்தாள்.

"அடிச்சவங்களோ?" என்றான்.

"இல்லை."

"உண்மையைச் சொல்லு."

"அடிக்கேல்லை. குடத்தை வைச்சுக்கொண்டாங்கள். இனி ஒருத்தரும் தண்ணி எடுக்க ஏலாது."

நீர் வராது என்ற சொல் அவன் செவியில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவளுடைய கைகளை மாறி மாறித் திருப்பிப் பார்த்தான், மணிக்கட்டைப் பார்த்தான், வெயிலில் கறுத்த நெற்றியைப் பார்த்தான்.

"அண்டைக்கு நான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கவேணும்."

"ஓம்" என்றாள் அவள்.

அயலவர் நால்வர் அவனைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் கிடத்தினார்கள். கதிரை கவிழ்ந்து கிடந்தது. தொட்டியில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தோற்பவளத்தின் குடை தண்டிலிருந்து கழன்று, நீரோட்டத்தோடு ஒரு மூலையில் மோதி மோதி நின்றது. அழுகல் நாற்றம் ஏற்கெனவே அறைக்குள் இறங்கியிருந்தது. கதிரவேல் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தான்.

"அதை நிப்பாட்டு" என்றான்.

அவள் மோட்டரை நிறுத்தினாள். வீடு இவ்வளவு அமைதியானது என்பது இருவருக்கும் மறந்திருந்தது. அவள் அவன் கைகளிலிருந்து முள்ளை ஒவ்வொன்றாய் எடுத்தாள், கழுவினாள், மஞ்சள் பற்றுப் போட்டாள். விளக்கு வைக்கும் நேரம் வந்தது. சாமியறை வாசல்வரை போனவள், குடம் இருந்த மூலையைப் பார்த்துவிட்டு உள்ளே நுழையாமல் குசினிக்குத் திரும்பினாள். அன்று அந்த வீட்டில் விளக்கு வைக்கப்படவில்லை.

சோற்றைப் போட்டு, காலையில் வைத்த பருப்பை ஊற்றிக் கொண்டுவந்தாள். கதிரவேல் சுவரின் பக்கம் இல்லை. முகட்டைப் பார்த்துக் கிடந்தான். கோப்பையை வாங்கக் கை நீட்டினான். விரல்கள் மடங்கவில்லை. அவள் கட்டிலில் அமர்ந்து, பிசைந்து, வாயில் வைத்தாள். அவன் மென்றான். நாற்றம் அறையெங்கும் நின்றது. அதற்குள்ளேயே மென்று விழுங்கினான்.

"பருப்பில உப்பில்லை" என்றான்.

அவள் கோப்பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, எழுந்து உப்பெடுக்கப் போனாள்.